இருபத்தோராம் பக்கத்து மீன்

எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். தணிகாசலம் ஆறரைக்கே வந்து, கடலைப் பார்த்துப் போட்டிருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், வீட்டுச் சாவியைப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டு. அதுதான் ஏற்பாடு. அம்சவேணி போகும்போது தன்னுடைய சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். வீடு பூட்டியிருந்தால் அவள் இங்கே வந்துதான் ஆக வேண்டும், அவர் எதிரில் நின்று கையை நீட்டித்தான் ஆக வேண்டும். வாட்ச்மேனிடம் கொடுத்துவைத்திருக்கலாம். நேற்று போனில் அவளே அதைத்தான் கேட்டாள். "சாவிய வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டு எங்கயாச்சும் போய்டுங்க, நான் என் சாமானை எடுத்துக்கிட்டுப் போயிடறேன்." முப்பத்து நான்கு வருஷம் கூடக் குடித்தனம் செய்த மனுஷனை எங்கேயாவது போய்விடு என்கிறாள், என்ன நெஞ்சழுத்தம். பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டார். இன்றைக்கு அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனால் போனதுதான், அது அவருக்கும் தெரியும். வேளச்சேரியில் மகள் ஷர்மிளா தன் வீட்டில் அம்மாவுக்கென்று ஒரு அறையை ஒழித்துவைத்திருக்கிறாள், பெயிண்ட்கூட அடித்தாகிவிட்டதாம். அதற்கு முன்னால் ஒரே ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வர வேண்டும். ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால் மன்னித்துவிடுவதென்று அவர் முடிவு செய்திருந்தார். மன்னிக்கிற வாக்கியத்தைக்கூடக் காலையில் பல் தேய்த்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாயிற்று. "நடந்தது நடந்துபோச்சு அம்சா, நான் எதையும் மனசுல வச்சுக்கல." நன்றாகத்தான் இருந்தது. அம்சா என்பது மட்டும் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. குல்லாயைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்தார். கசப்பு. பத்தொன்பது நாளாக அவரே போட்டுக் குடிக்கிற காபி, ஒருநாள் தண்ணீர், ஒருநாள் கஷாயம். கடல் பாதிதான் தெரிந்தது, முதல் இரண்டு அலைக்கு அப்பால் எல்லாமே வெள்ளை, சத்தம் மட்டும் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. ஈர மணலில் அந்தச் சின்னப் பறவைகள் அலை பின்வாங்கும்போது ஓடிப் போய்க் கொத்துவதும் அலை வரும்போது அலறியடித்துக்கொண்டு திரும்புவதுமாக இருந்தன. உள்ளான். அவருக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது, அவள் சொல்லித்தான் தெரியும். "குளிர் தாங்காம எங்கிருந்தோ இங்க வருதுங்க, இங்க நீங்க குல்லா போட்டுக்கிட்டு நடுங்குறீங்க" என்று சிரிப்பாள். அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மூன்றாவது மாடிக் கமலநாதன். விலங்கியல் பேராசிரியர், ரிட்டையர்டு. கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு, "மேடம், இன்னிக்கு நாலு புதுசு வந்திருக்கு பாருங்க" என்று வருவார். மேடமாம். பறவைப் புத்தகம் ஒன்றைக்கூட அவளுக்குக் கொடுத்திருந்தார், வழவழ காகிதம், படம் போட்டது, அதை அவள் சோபாவில் கால் நீட்டிப் படிப்பாள், படித்ததை இவரிடம் சொல்லவும் வருவாள், இவர் கையில் எப்போதும் ஏதாவது ஒரு துப்பறியும் நாவல் இருக்கும், "கொஞ்சம் இரு, கொலை நடக்கப் போகுது" என்பார். கொலை நடந்து முடிவதற்குள் அவள் சமையலறைக்குப் போயிருப்பாள். இதிலெல்லாம் ஒன்றும் தப்பில்லை, அவர் அப்போது எதையும் நினைக்கவில்லை, அந்த மீனைப் பார்க்கிற வரைக்கும்.

மீனை அவர் கண்டுபிடித்தது கார்த்திகையில், மழை விடாமல் பெய்த வாரத்தில். அம்சவேணிக்கு முழங்கால் வலி, மாடிப்படி இறங்க முடியவில்லை, அதனால் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவரே லெண்டிங் லைப்ரரிக்குப் போனார். கடற்கரைக்கு வரும் சந்தில், ஒரு பழைய கார் ஷெட்டுக்குள், ஜெயசீலன் என்ற ஒடிசலான ஆசாமி வைத்திருக்கும் வாடகை நூலகம் அது. உப்புக்காற்றில் புத்தகமெல்லாம் அப்பளமாக நமுத்துப் போயிருக்கும், வெயில் வந்தால் வாசலில் பாய் விரித்துக் காயப்போடுவார். அங்கே புத்தகம் எடுக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. துப்பறியும் நாவல் எல்லாவற்றுக்கும் தலைப்பு ஒரே மாதிரிதான் இருக்கும், ரத்தம், நள்ளிரவு, நிழல் என்று மூன்று வார்த்தையை மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள், படித்ததையே மறுபடி தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு பக்கத்தில் தனக்கென்று ஒரு அடையாளம் போட்டுவைப்பார்கள். ஒருவர் முப்பத்து மூன்றாம் பக்க எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார், ஒரு அம்மாள் ஐம்பதாம் பக்கத்தில் பொட்டு ஒட்டுவாள். அம்சவேணியுடையது இருபத்தோராம் பக்கத்து மூலையில் மூன்று புள்ளி. அதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, ஊறுகாய் ஜாடி மூடி, டிபன் கேரியர், குடை எல்லாவற்றிலும் அவள் வைக்கிற மூன்று புள்ளிதான். நின்ற இடத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டினார், இருபத்தொன்றில் மூன்று புள்ளி, அதற்குக் கீழே, ஒட்டினாற்போல், பென்சிலில் ஒரு மீன். அடுத்ததிலும் மீன். அதற்கடுத்ததிலும். மழைக்கு ஒதுங்கிய சாக்கில் நாற்பது புத்தகம் பார்த்தார். சிலதில் புள்ளி மட்டும் இருந்தது, மீன் இல்லை. ஆனால் புள்ளி இல்லாத ஒரு புத்தகத்திலும் மீன் இல்லை. எவனோ ஒருவன், அவள் படித்ததை மட்டும் தேடித் தேடி, அவள் முடித்த பிறகு படிக்கிறான். அவள் பக்கத்திலேயே, அவளுடைய புள்ளிக்குக் கீழேயே வந்து படுத்துக்கொள்கிறான்.

இருபத்தாறு வருஷம் மின்வாரியத்தில் திருட்டு மின்சாரம் பிடிக்கிற பறக்கும் படையில் இருந்தவர் தணிகாசலம். மீட்டர் முத்திரையில் தலைமுடி அளவு கீறல் போதும், மிச்சத்தை அவர் சொல்லிவிடுவார். ரிட்டையர் ஆன அன்று அதைச் சொல்லித்தான் மாலை போட்டார்கள். அப்படிப்பட்டவருக்கு வீட்டுக்குள் ஒரு கீறல் கிடைத்தால் சும்மா இருப்பாரா? ஜெயசீலனிடம் ஐந்து புத்தகத்தை எழுதிவைத்துவிட்டு எடுத்து வந்தார். படிப்பதற்கல்ல, சாட்சிக்கு. பதினைந்து நாள் ஆராய்ச்சி நடந்தது. மீன் என்றால் மீன்காரன் என்று முதலில் தேசிங்குவைப் பிடித்தார், இந்தக் கரையில் வலை பின்னுகிறவன், அம்சவேணி நடக்க வந்தால் அவனிடம் நின்று பேசாமல் போக மாட்டாள். "ஏன்பா, கதைப் புஸ்தகம் ஏதாவது படிப்பியா?" என்று கேட்டார். "எய்த்து கூட்டவே வராது சார், நீ வேற" என்றான். சரி, அவன் இல்லை. ஜெயசீலன்? எந்தப் புத்தகத்தை அவள் எடுத்தாள் என்று அவனுக்குத்தான் தெரியும், ஆனால் அவனுக்குக் கை நடுக்கம், கையெழுத்தே கோழிக் கிறுக்கல், மீனோ ஒரே இழுப்பில் வரைந்தது. மிஞ்சியவர் கமலநாதன். விலங்கியல். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒருநாள் லிஃப்டில் வைத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் அந்த மீனை அப்படியே வரைந்து காட்டி, முகத்தையே பார்த்துக்கொண்டு, "இது என்ன மீன் சார்?" என்று கேட்டார். பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது மீனே இல்ல சார். மீனுக்கு இமை கிடையாது, கண்ணை மூட முடியாது. இது வாயைத் திறந்து வச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டு இருக்கே. யாரோ விளையாட்டா போட்டிருக்காங்க." என்ன சாமர்த்தியம். மீனே இல்லையாம். திருடன் மீட்டரே இல்லை என்று சொல்வது மாதிரி. அந்த லிஃப்டிலேயே தணிகாசலம் தீர்ப்பு எழுதிவிட்டார்.

"சார், இன்னா அம்மாவ ரொம்ப நாளா காணோம்?" தேசிங்குதான், தோளில் வலைச் சுருளோடு பெஞ்சுக்குப் பின்னாலிருந்து வந்து நின்றான். ஊருக்குப் போயிருக்கிறாள், இன்று வருகிறாள் என்றார். வருகிறாள் என்ற வார்த்தை நாக்கில் கொஞ்சம் தித்தித்தது, பிறகு அதை நம்பிவிடுவோமோ என்று பயமாகவும் இருந்தது. "அம்மா இல்லாங்காட்டி எவன் பாக்கறான் இத்த" என்று தேசிங்கு காலால் காட்டினான். இருபது அடி தள்ளி ஒரு ஆமை ஒதுங்கிக் கிடந்தது. மார்கழி, தை வந்தால் இது ஒரு வாடிக்கை, பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் முட்டையிடக் கரையைப் பார்த்து வரும், பாதி இப்படி வந்து சேரும். இரண்டு காக்கைகள் அதன் மேல் உட்கார்ந்திருந்தன. தணிகாசலம் எழுந்து போய் வழக்கப்படி சுற்றிவந்து பார்த்தார், காயமில்லை, ஓட்டில் விரிசலில்லை, என்ன காரணமாக இருக்கும்? "காயமெல்லாம் இருக்காது சார். வலையில மாட்டிக்கிச்சுன்னா மூச்சு வுட மேல வர முடியாது, உள்ளயே முட்டிப் பூடும். பெரிய போட்டுக்காரனுங்க வலை. அம்மா இருந்தா இந்நேரம் அந்தக் காலேஜ் பசங்களுக்குப் போன் போட்டிருப்பாங்க, குழி தோண்டி மூடற வரிக்கும் இங்கயே நிப்பாங்க." நிற்பாள். ஆமைக்கு நிற்பாள். அந்தப் பையன்களுக்குச் சுக்குக் காபி போட்டுக் கொண்டுவருவாள். அவருக்கு யார் நிற்கிறார்கள்? இந்த எண்ணம் வந்ததும் அவருக்கே கூச்சமாகிவிட்டது, செத்த ஆமையோடு போட்டிக்கு நிற்கிற ஆள். காக்கையை விரட்டக் கையை ஓங்கினார், அவை ஒரு தத்துத் தத்திவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டன. தேசிங்கு போய்விட்டான். ஏழு பத்து. இன்னும் ஐம்பது நிமிஷம்.

பெஞ்சுக்குத் திரும்பிப் புத்தகத்தை எடுத்தார். சாட்சிப் புத்தகங்கள் ஐந்தில் ஒன்று, வீட்டில் படிக்க வேறு எதுவும் இல்லாததால் நேற்று ஆரம்பித்தது. கோத்தகிரியில் ஒரு பங்களா, பாலில் விஷம், கிழவர் செத்துக் கிடக்கிறார், நான்கு வாரிசுகள். இருபத்தோராம் பக்கத்தை நேற்றே விரலால் மூடிக்கொண்டு தாண்டிவிட்டார். அறுபத்து நான்காம் பக்கத்தில் நர்ஸ் ஒருத்தி வருகிறாள், இந்த வீட்டுக்குள் இதுவரை காலடி வைத்ததே இல்லை என்கிறாள், ஆனால் இருட்டில் நேரே போய்ச் சமையலறை விளக்கைப் போடுகிறாள். தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிடித்துவிட்டார். ஸ்விட்ச் எங்கே இருக்கிறதென்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள்தான். கரண்டு விஷயத்தில் தணிகாசலத்தையா ஏமாற்றப் பார்க்கிறான் இந்த எழுத்தாளன்? பத்தொன்பது நாளில் முதல் தடவையாக அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள்தான், கிணற்று வாளியில் உடைந்த வளையல் துண்டு கிடைக்கும், அதை வைத்துத்தான் மாட்டிக்கொள்வாள் என்று நினைத்தார். நினைத்துவிட்டு, அலையைப் பார்த்தார். ஒரு உள்ளான் ஓடியது. வளையல் எங்கிருந்து வந்தது? புத்தகத்தில் இதுவரை வளையலே இல்லை. கிணறும் இல்லை. ஸ்விட்சைக் கண்டுபிடிக்கலாம், புத்தி இருந்தால் போதும், வளையலை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? கடைசிப் பக்கங்களைத் திருப்பினார். கை குளிரில் விறைத்து இரண்டிரண்டு தாளாகப் புரண்டது. நூற்றுப் பதினெட்டு. வாளியைக் கவிழ்த்தார் இன்ஸ்பெக்டர், பச்சை வளையல் துண்டு ஒன்று சிமெண்டுத் தரையில் உருண்டது. பச்சை. ஆமாம், பச்சைதான். அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் இதைப் படித்திருக்கிறார். படித்திருந்தால் என்ன, எத்தனையோ படிக்கிறோம், அவள்தான் கொண்டுவந்திருப்பாள், அவள் படித்துவிட்டு அவருக்குக் கொடுப்பாள், அதற்குப் பிறகு திருப்பிக் கொடுத்திருப்பாள், அதற்கும் பிறகு அந்த மீன் வரைகிறவன் எடுத்திருப்பான், அவனும் படித்திருப்பான். இருக்கட்டும். ஆனால் எங்கோ ஒரு இடத்தில் சிக்கியது. அவள் படித்ததை மட்டும் படிக்கிறவன். அவளுக்குப் பிறகு மட்டும் படிக்கிறவன். வேண்டாம் என்று மனசு அந்த இடத்தை விட்டு விலகிப் போய்க் காபியை நினைத்தது, சாவியை நினைத்தது, மன்னிக்கிற வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டது, நடந்தது நடந்துபோச்சு, நடந்தது என்ன? நடந்தது ஒரு மத்தியானம். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிது. சாப்பிட்டுவிட்டு ஈசிசேரில் சாய்ந்து புத்தகத்தைப் பிரித்தவர் நான்காவது பக்கத்தில் கத்தினார். "படிச்ச புக்கையே திரும்பத் திரும்பக் கொண்டாறியே, தலைக்குள்ள ஏதாவது இருக்கா உனக்கு? ஒரு வேலையாவது உருப்படியா செய்யத் தெரியுதா?" கத்தியதோடு நிற்கவில்லை. வீசினார். புத்தகம் சுவரில் பட்டு அட்டை தனியாக, உள்ளே தனியாக விழுந்தது. அவள் பசை போட்டு ஒட்டினாள், ஒட்டி அதன் மேல் அம்மிக் குழவியை வைத்தாள். அதற்குப் பிறகு இந்தப் பதினோரு வருஷத்தில் படித்த புத்தகம் ஒன்றுகூட வீட்டுக்கு வந்ததில்லை. ஒன்றுகூட. அதை அவர் ஒருநாளும் யோசித்ததில்லை, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, அந்த மாதிரி புதுப் புத்தகம் வந்துகொண்டிருந்தது. எப்படி வந்தது? நானூறு, ஐநூறு புத்தகத்தில் அவர் படித்தது எது, படிக்காதது எது என்று ஜெயசீலன் ஷெட்டில் நின்றுகொண்டு அவளுக்கு எப்படித் தெரிந்தது?

கண் மூடியிருந்தது. வாய் திறந்திருந்தது. போன வருஷமா அதற்கு முந்தின வருஷமா, விஷக் காய்ச்சல் வந்து கிடந்தபோது, இதே பச்சை வளையல் புத்தகம் நெஞ்சில் கவிழ்ந்திருக்க ஈசிசேரில் தூங்கிப் போனவர் ஏதோ சத்தத்தில் விழித்துக்கொண்டார். அவள் எதிரே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கையில் பென்சில். என்ன என்றார். "ஒண்ணுமில்ல, வாயப் பொளந்துக்கிட்டு தூங்குறீங்க, கரையில போட்ட மீனாட்டம். தூங்குங்க." அவர் மறுபடி தூங்கிவிட்டார். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை அவர் திரும்ப ஒரே ஒரு தடவைதான் பார்த்தார், மார்கழி முதல் தேதி, சாப்பாட்டு மேஜையில் ஐந்து புத்தகத்தையும் இருபத்தோராம் பக்கத்தில் பிரித்து, மூடிக்கொள்ளாமல் இருக்க உப்பு ஜாடி, மாத்திரை டப்பா, டார்ச் லைட் எல்லாம் எடைக்கு வைத்து, அவளைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தி, "யாரு இது?" என்று கேட்டபோது. அவள் குனிந்து பார்த்தாள், பார்த்ததும் சிரித்தாள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மாட்டிக்கொண்டவர்கள் முதலில் சிரிப்பார்கள், அது அவருடைய இருபத்தாறு வருஷ அனுபவம். "சிரிச்சு மழுப்பாத" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு பெயராகச் சொன்னார். அன்றே அவள் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள், ராத்திரி ஷர்மிளா போன் செய்தாள். "அப்பா, நீங்களே யோசிங்கப்பா. நான் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க." மகளையும் கூட்டு சேர்த்துக்கொண்டாளே என்று அப்போது அவருக்கு வயிறு எரிந்தது. இப்போது பெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

பெட்ரோல் திருடுகிறவனைப் பிடிக்கப் போய்த் தன் வண்டியையே மடக்கியவன் கதையாகிவிட்டது. யாருக்காவது தெரிந்தால் சிரிப்பார்கள். கமலநாதனுக்குத் தெரிந்திருக்குமோ? லிஃப்டில் அவர் எப்படிப் பார்த்தார், மீனே இல்லை என்று எவ்வளவு பொறுமையாகச் சொன்னார். ஆனால் வெட்கத்துக்கு நடுவிலேயே ஒரு சின்ன வெளிச்சமும் வந்தது, அப்படியானால் யாரும் இல்லை, யாருமே இல்லை, எல்லாம் நானேதான், அவள் என்னைத்தான், இந்தப் பதினோரு வருஷமும் என்னைத்தான். சொல்லிவிட்டால் போதும், அவள் சிரிப்பாள், பெட்டி எதற்கு, வா வீட்டுக்குப் போகலாம் என்று கூட்டிக்கொண்டு போய்விடலாம். மன்னிக்கிற வாக்கியம் இனி உதவாது. மன்னிப்புக் கேட்கிற வாக்கியம் ஒன்று வேண்டும். அவர் தேடிப் பார்த்தார், அந்த வகையில் அவரிடம் கைவசம் எதுவும் இல்லை. எட்டு அடிக்க நான்கு நிமிஷம் இருக்கும்போது சந்து முனையில் அவள் வந்தாள், ஷர்மிளாவின் சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, முழங்காலுக்குப் பார்த்துப் பார்த்து அடிவைத்து. மெலிந்திருந்தாள். மணலில் இறங்காமல் விளிம்பிலேயே நின்று கையை நீட்டினாள்.

"சாவி."

"அது நான்தானே?" என்றார் தணிகாசலம்.

"எது?"

"மீன்."

அவள் கை அப்படியே நின்றது. முகத்தில் ஏதோ ஒன்று இளகியதை அவர் தெளிவாகப் பார்த்தார், பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்க்கப் போகிற அந்த ஒரு கணத்தைப் பார்த்தார். மணலில் இறங்கி வந்து பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள்.

"ஷர்மி சொன்னாளா?"

"சேச்சே. யாரும் சொல்லல. நானே கண்டுபிடிச்சேன்." குரலில் ஒரு மிடுக்கு ஏறிவிட்டது, அவருக்கே அது கேட்டது, ஆனால் நிறுத்த முடியவில்லை. "இந்த புக்குல ஒரு நர்ஸ் வரா பாரு, அவ ஸ்விட்ச் போடற இடத்துலயே நான் பிடிச்சுட்டேன். ஆனா வளையல் எப்படித் தெரியும் எனக்கு? அங்கதான் பொறி தட்டிச்சு. அப்புறம் கண்ணு. கண்ணு மூடியிருக்கு இல்ல, அதான் மெயின் க்ளூ. மீனுக்கு இமையே கிடையாது தெரியுமா உனக்கு? புள்ளி இல்லாம மீன் இல்ல, ஏன்னா நீ முதல்ல படிச்சுட்டுத்தான் எனக்குத் தருவே. நான் படிச்சு முடிச்சு, நீ திருப்பிக் குடுக்கறப்பதான் மீன் போடுவே, அதனாலதான் வீட்ல என் கண்ணுல படவே இல்ல. சரியா? எல்லாம் பொருந்துது பாரு." ஆபீசில் மேலதிகாரிக்குக் கேஸ் சொல்கிற மாதிரி விரல் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்லவே, போதும், வாயை மூடு, தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. அதற்கும் பதில் சொல்லாமல் கடைசிப் புள்ளி வரைக்கும் நிரூபித்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பனி விலகி, வெளிச்சம் வந்திருந்தது.

"அன்னிக்கு எத்தனை பேரு பேரைச் சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

அவர் ஃபிளாஸ்க் மூடியைத் திருகி மூடினார்.

"மூணு. தேசிங்கு. லைப்ரரிக்காரர். அப்புறம் மேல் வீட்டு சார். நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். முதல்ல நீங்க விளையாடறீங்கன்னு நினைச்சேன். ஒவ்வொரு பேருக்கு அப்புறமும், சரி, அடுத்து தன் பேரைச் சொல்லிட்டுச் சிரிக்கப் போறார்னு நின்னேன்."

"தப்புதான் அம்சா." வந்துவிட்டது. ஆனால் வந்த இடம் சரியில்லை.

"தப்புன்னு இல்லீங்க. உங்களுக்குத் தோணல, அவ்வளவுதான். எனக்கு மனசுக்குப் புடிச்ச ஆளு ஒருத்தர் இருக்கார்னு தெரிஞ்சதும், தெருவுல போறவங்க வரைக்கும் ஞாபகம் வந்திருக்காங்க. நீங்க வரல." அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு மேலே ஏறியிருக்கலாம். "சாவியக் குடுங்க. ஆட்டோ நிக்குது."

கொடுத்தார். அவள் போய் முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள், தோளில் ஒரு பை, பின்னால் வாட்ச்மேன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. அந்த முக்கால் மணியும் அவர் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. போயிருக்கலாம், பீரோ எதிரில் நின்று மறித்திருக்கலாம், காலில்கூட விழுந்திருக்கலாம், யார் பார்க்கப் போகிறார்கள். போனால் அவள் என்ன சொல்வாள், அதற்குத் தான் என்ன சொல்வது, அதற்கு அவள் என்ன சொல்வாள் என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வருகிற வழியில் அவள் ஆமையின் அருகே நின்று, காக்கையை விரட்டி, யாருக்கோ போன் செய்தாள். பிறகு பெஞ்சுக்கு வந்து சாவியை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"அந்த அஞ்சு புக்கையும் ஜெயசீலன்கிட்ட குடுத்துடுங்க. அஞ்சும் நீங்க படிச்சதுதான். பால் அடுப்புல இருக்கு, அணைச்சுட்டேன்."

ஆட்டோ போகும் சத்தம் சந்து முனை வரைக்கும் கேட்டது. தணிகாசலம் புத்தகத்தை எடுத்து இருபத்தோராம் பக்கத்தைப் பிரித்தார், இந்தத் தடவை விரலால் மறைக்காமல். நன்றாகத்தான் வரைந்திருக்கிறாள். மூடிய கண்ணுக்கு மேல் புருவம்கூட ஒரு கோடு இழுத்திருக்கிறாள், அது ஜெயசீலன் ஷெட்டில் இருந்த எந்த மீனுக்கும் இல்லை, காய்ச்சலில் கிடந்த வருஷத்துக்கு மட்டும் போட்டது போலிருக்கிறது. இத்தனை நாள் இருந்த பொறாமை போய்விடும் என்று எதிர்பார்த்தார். போகவில்லை. இந்த ஆள்மேல் இப்போதுதான் உண்மையான ஆத்திரம் வந்தது. பதினோரு வருஷமாக ஒருத்தி எதிரில் வந்து நின்று, முகத்தைப் பார்த்துப் பார்த்து, பென்சிலைச் சீவிச் சீவி வரைந்திருக்கிறாள். அவன் பாட்டுக்கு வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருக்கிறான்.